ஐம்பத்தெட்டு, பின்னால்

எட்டு ஜி.பி. என்று காசு வாங்கினாய்,
மூன்றே கால்தான் காட்டுகிறது என்று
பெட்டியைத் தூக்கி என் மேசைமேல் இறக்குகிறார்
நடசென் பிள்ளை.
மீதியை நான் தின்றுவிட்டேனாம்.
சனிக்கிழமை, சாட்ஸ்வொர்த் சந்தை.
கொத்தமல்லிக்காரி கட்டோடு எட்டிப் பார்க்கிறாள்.

பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தேன்.
நான்கும் நான்குமாய் இரண்டு பச்சைப் பட்டைகள்
சொருகிய இடத்திலேயே இருக்கின்றன.
"அப்புறம் ஏன் தெரியவில்லை?"

அங்கிள்,
உங்கள் இயங்குதளம் கடிதம் அனுப்பும் உறையில்
முப்பத்திரண்டே கட்டங்கள்.
ஒவ்வொன்றிலும் பூஜ்யம், இல்லையேல் ஒன்று.
எல்லாவற்றிலும் ஒன்றே போட்டாலும்
நானூற்று இருபத்தொன்பது கோடியே
நாற்பத்தொன்பது லட்சத்து
அறுபத்தேழாயிரத்து
இருநூற்றுத் தொண்ணூற்றைந்து.
அதற்கடுத்த கதவுக்கு எண் எழுத இடமில்லை.

அந்த நான்கிலும் உச்சித் தெரு முக்காலைத்
திரை அட்டையும் அதன் சொந்தக்காரர்களும்
மின்சாரம் வந்த நொடியே
பட்டா போட்டுக்கொள்கிறார்கள்.
மீதி அறைகள் இல்லாமலில்லை.
விளக்கெரிகிறது.
தபால்தான் போகாது.

அவர் கல்யாண வீடியோக்காரர்.
நேற்று ஒரு மாப்பிள்ளை
மூன்றாம் முடிச்சில் நாற்பது நிமிடம் உறைந்து நின்றாராம்.
"எண்ணில்லாத அறை இருந்தென்ன, இல்லாவிட்டாலென்ன?"
என்றார்.
விழாத திருகாணியைத் தேடிக்
கீழே குனிந்துகொண்டேன்.

ஏழாம் யூனிட்.
கட்டியவர்கள் தெருவுக்குப் பெயர் வைக்கவில்லை,
எண் அடித்தார்கள்.
அந்த எண்ணுக்குள் ஐம்பத்தெட்டாம் வீடு.
அதன் பின்னால், கார் நின்ற கொட்டகையைப்
பலகையால் இரண்டாக்கிய இடத்தில்
ஒரு பாதி நான், மறு பாதி நோம்சா.
குழாய் உண்டு. எலி உண்டு.
மாதம் இரண்டாயிரத்து இருநூறு ராண்ட் உண்டு.

ஜூனில் ஒரு ராத்திரி, லோட்ஷெடிங்,
பலகைக்கு அந்தப் பக்கம்
நோம்சாவுக்கு வலி எடுத்தது.
"வீட்டு எண்?" என்றது தொலைபேசிக் குரல்.
ஐம்பத்தெட்டு, பின்னால்.
"பின்னால் என்று அடிக்க
என் திரையில் இடமில்லையே, அம்மா."

ஆம்புலன்ஸ் வந்தது எங்களுக்குக் கேட்டது.
முன்வீட்டு நாய் குரைத்தது கேட்டது.
நான் சந்து சுற்றி ஓடி வருவதற்குள்
அது திரும்பிப் போனதும் கேட்டது.
குழந்தை யாருக்கும் காத்திருக்கவில்லை.
என் செல்பேசி வெளிச்சத்தில்,
பதினொரு சதவீத பேட்டரியில்,
கத்திக்கொண்டு வந்து விழுந்தான்.

இதையெல்லாம் நடசென் பிள்ளையிடம் சொல்லவில்லை.
சொன்னது இவ்வளவுதான்:
ஒரு சன்னல் வைக்கலாம், அங்கிள்.
பின்னறையைத் துண்டு துண்டாய்
அதன் வழியே முன்னால் காட்டலாம்.
எங்கள் வீட்டுக்காரம்மா
சமையலறைக் கம்பிகளுக்கிடையே
எனக்கு வந்த பில்லை நீட்டுவது போல.
அதற்குச் சன்னலைத் தெரிந்த மென்பொருள் வேண்டும்.
உங்களுடையதுக்குத் தெரியாது.

அறுபத்துநான்கு கட்ட உறைக்கு மாற்றினால்
எல்லா அறையும் தெரியும்.
ஆனால் உங்கள் பழைய கேசட் இறக்கும் அட்டையை
அது யாரென்றே கேட்கும்.
செய்த கம்பெனி மூடியாயிற்று.

இன்னும் முந்நூறு கேசட் பாக்கி என்றார்.
மீசையைத் தடவினார்.
பாதி செத்துப்போன தம்பதிகள் என்றார்.
"இப்படியே விடு."

ஒரு பட்டையைக் கழற்றிக்கொண்டு
பணத்தைத் திருப்பித் தரட்டுமா?

"வேண்டாம், கிடக்கட்டும்.
உள்ளே இருக்கிறதென்று
எனக்குத் தெரிந்துவிட்டதே."

பெட்டியை பக்கியில் ஏற்றிவிட்டு
மறுபடி வந்தார்.
ஞாயிற்றுக்கிழமை கெட்டுப்போனால்
உன்னை எங்கே பிடிப்பது?

ரசீதின் அடியில் முகவரிக்கு ஒரு கோடு.
சாலை எண், வீட்டு எண் எழுதியதும்
கோடு முடிந்துவிட்டது.
மீதியை
ஓரத்தில், பேனாவைத் திருப்பி,
செங்குத்தாக எழுதிக் கொடுத்தேன்.